அந்தப் பணம் யாருடையது?

குருமடத்தில் நமக்கு அறநெறி இறையியல் கற்பித்த முதிய பேராசிரியர், ‘ஈடுசெய்தல்’ என்னும் பாடத்தைத் தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வகுப்பினர் அனைவரையும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்தி, ஒளிநாடாவில் பழைய மௌனப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். சாப்ளின் நடித்த படம். இருபது நிமிடத்திற்குச் சற்று மேல் ஓடக்கூடியது. வயிறு வலிக்கச் சிரித்தோம், அவரும் சிரித்தார். திங்கட்கிழமை வகுப்பிற்கு வந்தவர் கரும்பலகையில் ஒரே ஒரு வினாவை எழுதிவிட்டு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். ‘இப்படத்தில் யார், யாருக்கு, எவ்வளவு ஈடுசெய்யக் கடமைப்பட்டுள்ளார்?’

விடை எளிதென்றுதான் எண்ணினோம். அந்த ஒரு மணி நேரம் போதவில்லை. உணவறையிலும் வாதம் தொடர்ந்தது. திருநிலைப்படுத்தப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அவ்வினாவிற்கு முழு விடை நம்மிடம் இல்லை. ஆயினும் அன்று நகைப்பிற்குரியதாகத் தோன்றிய அதே படம், இடையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியால், நம்மைக் குற்றஞ்சாட்டும் படமாக மாறிவிட்டது. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

படத்தின் பெயர் ‘குடியேறி’. 1917-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்தது. மியூச்சுவல் நிறுவனத்திற்காகச் சாப்ளின் எடுத்த பன்னிரண்டு குறும்படங்களுள் இது பதினோராவது. அப்போது அவருக்கு வயது 28. 1910-இல் கார்னோ என்பவரின் நாடகக் குழுவோடு அமெரிக்கா சென்ற இலண்டன் இளைஞர் அவர். ஏழு வயதில் தாயோடும் தமையனோடும் இலண்டன் லாம்பெத் பகுதியில் ஏழைகளை அடைத்து வைக்கும் விடுதிக்குச் சென்றவர். பிறர் போடும் சோற்றிற்கு வரிசையில் நிற்பது எத்தகையது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கதை மிகச் சிறியது. குடியேறிகள் நிறைந்த கப்பலொன்று அட்லாண்டிக் பெருங்கடலில் ஆடி அசைந்து செல்கிறது. அதில் நம் நாயகனும், நோயுற்ற தாயோடு வரும் ஓர் இளம்பெண்ணும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் இறங்கியபின் கையில் காசின்றித் திரியும் அவன், ஓர் உணவு விடுதியில் அவளை மீண்டும் சந்திக்கிறான். அவள் கையில் இருக்கும் கறுப்புக் கரையிட்ட கைக்குட்டை, தாய் இறந்துவிட்டாள் என்பதை அவனுக்கு உணர்த்துகிறது. பில்லுக்குக் கொடுக்கப் பணமின்றி அவன் படும் பாடே பிற்பகுதி முழுவதும். பெண்ணாக நடித்தவர் எட்னா பர்வியான்ஸ். மலைபோன்ற உருவத்துடன் மேசை மேசையாக வந்து நிற்கும் பரிமாறுபவர் எரிக் கேம்பெல்.

இப்படம் உருவான விதத்தை ஆராய்ந்தவர்கள் வியப்புக்குரிய செய்தி ஒன்றைக் கண்டறிந்தார்கள். 1983-இல் கெவின் பிரௌன்லோ, டேவிட் கில் ஆகிய இருவரும் சாப்ளின் கழித்துப்போட்ட படச்சுருள்களைத் தேடியெடுத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை அமைத்தனர். சாப்ளின் முதலில் எடுத்தவை உணவு விடுதிக் காட்சிகளே என்பது அதனால் தெரியவந்தது. குடியேறிகளைப் பற்றிப் படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. காசில்லாத ஒருவன் சாப்பிட அமர்ந்திருக்கிறான், எதிரில் ஒரு பெண், அவ்வளவுதான். எடுத்து எடுத்துப் பார்த்தபின், இவ்விருவரும் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்வி எழுந்திருக்கிறது. அதற்கு விடையாகவே கப்பல் பிறந்தது. பசியோடு நம் முன் அமர்ந்திருப்பவரை நோக்கி, ‘நீர் எந்தக் கப்பலில் வந்தீர்?’ என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டா? சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறோம். நமக்கும் நேரமில்லை.

அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நிகழ்வதைச் சற்று உற்று நோக்குவோம். முரடன் ஒருவன் சூதாட்டத்தில் சார்லியிடம் தோற்கிறான். தோற்ற கோபத்தில், உறங்கிக்கொண்டிருக்கும் அந்த நோயாளித் தாயின் பணத்தைத் திருடிக்கொண்டு மீண்டும் ஆட வருகிறான், மீண்டும் தோற்கிறான். ஆக, தாயின் பணம் இப்போது சார்லியின் கையில். ஆனால் அது அவனுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் தாயும் மகளும் பணத்தைப் பறிகொடுத்து அழுவதைக் காண்கிறான், மனம் இளகுகிறான், தான் வென்ற பணத்தைப் பெண்ணின் பையில் அவள் அறியாமல் திணிக்கிறான்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழர் எழுந்து, ‘இது ஈகை, ஆகவே ஈடுசெய்தல் என்ற பேச்சிற்கே இடமில்லை’ என்றார். பேராசிரியர் தலையை ஆட்டினார். திருடப்பட்ட பொருள் எத்தனை கைமாறினாலும் அதன்மேல் உடையவருக்குள்ள உரிமை அழிவதில்லை என்பது அறநெறி நூல்கள் கூறும் பாலபாடம். அறியாது வைத்திருப்பவர் நல்லெண்ணத்தோடு வைத்திருப்பவரே, அவர்மேல் பழியில்லை, ஆயினும் பொருள் அவருடையது அன்று. அப்படியானால் சார்லி தருமம் செய்யவில்லை. அவன் கடனைத் திருப்பிக் கொடுத்தான்! தருமம் என்று எண்ணிக் கொடுத்தது, விண்ணகக் கணக்கில் நீதி என்று பதிவாயிற்று.

இதைக் கேட்டவுடன் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையாயிருந்த பெரிய கிரகோரியார், ஆயர்களுக்கென எழுதிய மேய்ப்புப்பணி நூலில் இதையேதான் வலியுறுத்துகிறார் என்றார். ஏழைக்கு வேண்டியதைக் கொடுக்கும்போது நம்முடையதைக் கொடுக்கவில்லை, அவருக்குரியதைத் திருப்பித் தருகிறோம். அது இரக்கச் செயல் என்பதைவிட நீதிக் கடன் என்பதே பொருந்தும் என்பது அப்புனிதரின் கருத்து. இக்கருத்தை நாம் எத்தனையோ மறையுரைகளில் எடுத்துக் கூறியிருக்கின்றோம். கேட்போர் அதை ஓர் அணியாகவே எடுத்துக்கொள்வார்கள். கூறும் நாமும் அப்படித்தான். ஆனால் சாப்ளின் படத்தில் அது அணியன்று, நேர்ப்பொருள். அந்தப் பணத்தாள்கள் உண்மையிலேயே அவளுடையவை.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லாவற்றையும் அவள் பையில் வைத்தவன், ஒரு கணம் யோசிக்கிறான். மீண்டும் கைவிட்டு எடுக்கிறான். தனக்கென்று கொஞ்சம் பிரித்துக்கொண்டு மீதியை வைக்கிறான். இவ்விடத்தில் நாங்கள் இரு கட்சியானோம். ‘எடுத்துக்கொண்டது திருட்டுப் பணத்தின் பகுதி, ஆகவே அவன் இன்னும் கடனாளி’ என்றது ஒரு கட்சி. ‘முரடன் திருடப் போகுமுன்பே தோற்ற பணமும் அதில் உண்டு, அது சார்லியின் சொந்தப் பணம்’ என்றது மறு கட்சி. சூதில் வென்றதைச் சொந்தம் என்று சொல்வதா என்று மூன்றாமவர் ஒருவர் இழுத்தார். அவரை இரு கட்சியினருமே விரும்பவில்லை. இன்று நினைக்கையில், அந்தச் சிறு தயக்கமே அவனை மனிதனாக்குகிறது என்று தோன்றுகிறது. முற்றும் துறந்து கொடுப்பவரை நாம் பீடத்தில் வைத்து வணங்கலாம். நாளைய உணவிற்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பவர் நம் பங்கு மக்கள்.

அவனது கை அவள் பையில் இருக்கும்போது கப்பல் அதிகாரி பார்த்துவிடுகிறார். உடனே பிடித்துக்கொள்கிறார். கந்தலுடுத்த ஒருவன் கை பிறர் பையில் இருந்தால் அது எடுப்பதற்கே ஒழிய வைப்பதற்கு அன்று என்பது அதிகாரத்தின் இலக்கணம். அவர் கொடியவர் அல்லர். தாம் கற்ற இலக்கணப்படி நடந்தார், அவ்வளவே. பெண் தன் பையில் பணம் இருப்பதைக் கண்டு உண்மையைச் சொல்லியிராவிட்டால் அவன் கதி என்னவாகியிருக்கும்?

அடுத்து வருவது, படத்தில் மிகப் பலரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி. சுதந்திர நாட்டை வந்தடைந்தனர் என்று பொருள்படும் எழுத்துகள் திரையில் தோன்றுகின்றன. சுதந்திர தேவி சிலை தூரத்தில் தெரிகிறது. எல்லாரும் நெஞ்சு விம்மப் பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் அதிகாரிகள் வந்து, கால்நடைகளை மறிப்பதுபோல் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அம்மக்களை ஒருபுறமாக ஒதுக்குகிறார்கள். சார்லி கயிற்றைப் பார்க்கிறான். சிலையை மீண்டும் ஒருமுறை ஓரக்கண்ணால் பார்க்கிறான். வசனம் ஏதும் இல்லை. பின்னர் சமயம் பார்த்து அதிகாரி ஒருவரின் பின்புறத்தில் ஓர் உதை விடுகிறான். நாட்டையே அவமதித்ததாகப் பின்னாளில் இவ்வுதையைச் சுட்டியவர்கள் உண்டு. 1952 செப்டம்பரில் சாப்ளின் கப்பலில் இங்கிலாந்து சென்றுகொண்டிருந்தபோது, மீண்டும் நாட்டிற்குள் நுழைவதற்கான அவரது அனுமதியை அமெரிக்க அரசு நீக்கிற்று. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் குடியுரிமை பெறாத அந்தக் குடியேறி, அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து, 1972-இல்தான், விருது பெறுவதற்காக அம்மண்ணை மீண்டும் மிதித்தார்.

கயிறு சாப்ளினின் கற்பனையாக இருக்கலாம். அதன் பொருள் கற்பனையன்று. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே சோதித்து அனுப்பிவிடுவார்கள். கீழ்த்தளத்தில் வந்த ஏழைகள் மட்டுமே எல்லிஸ் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே மருத்துவர்கள் இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். ஐயத்திற்குரியவர்களின் மேற்சட்டையில் சுண்ணக்கட்டியால் எழுத்துக்குறி இட்டார்கள். இப்படம் வெளிவந்த அதே 1917-ஆம் ஆண்டு பிப்ரவரியில், குடியரசுத் தலைவர் வில்சன் மறுப்புத் தெரிவித்தும் அதைத் தள்ளிவிட்டு, அமெரிக்கப் பேரவை புதிய குடியேற்றச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. பதினாறு வயதிற்கு மேற்பட்டோர் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்றது அச்சட்டம். தலைக்கு எட்டு டாலர் வரி விதித்தது. ஆசியாவின் பெரும்பகுதியை, நம் இந்தியாவையும் சேர்த்து, தடைசெய்யப்பட்ட மண்டலம் என்று வரையறுத்தது. நம் நாட்டினருக்கு அக்கதவு ஓரளவேனும் திறக்க 1946 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. சார்லிக்குக் கயிறாவது கிடைத்தது. நமக்குக் கயிற்றின் அருகே நிற்கும் வாய்ப்பும் இல்லை.

குருமடத்தில் இக்காட்சியைக் கண்டு அதிகாரிகளின்மேல் சினம் கொண்டோம். உதை விழுந்தபோது கைதட்டினோம். பல ஆண்டுகள் கழித்து, 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. எங்கெங்கிருந்தோ அரிசி மூட்டைகளும் போர்வைகளும் பாத்திரங்களும் வந்து குவிந்தன. கூட்டம் நெருக்கியது. ஒழுங்கு வேண்டுமே என்று, கோவில் வளாகத்து வேம்பிற்கும் கொடிமரத்திற்கும் இடையே நாமே நின்று கயிறு கட்டுவித்தோம். கையில் டோக்கன்; ஒலிபெருக்கியில் பெயர். அப்போது சாப்ளின் நினைவிற்கு வரவில்லை. கயிற்றைப் பிடிப்பவருக்கு அது கயிறாகத் தெரிவதில்லை, ஒழுங்காகத் தெரிகிறது.

அந்த ஊரில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் திருவிழா அசனத்திற்கு ஒரு நாள் மீன் அவருடைய வீட்டிலிருந்து வரும். படகும் வலையும் போயிற்று. அவர் பெயரை இருமுறை ஒலிபெருக்கியில் வாசித்தோம். தெருமுனையில் கைகட்டி நின்றவர் அசையவில்லை. இரவில் உபதேசியாரிடம் ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்து அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வரச் செய்தோம். விடியற்காலைத் திருப்பலிக்குக் கதவைத் திறந்தபோது அந்த மூட்டை நம் பங்கு இல்லத்தின் வாசலில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. செருக்கு என்றோம். அன்றைய மறையுரையில், பெயர் குறிப்பிடாமல்தான், தாழ்ச்சியைப் பற்றிப் பேசவும் செய்தோம். அதை இப்போது எண்ணினாலும் உடல் கூசுகிறது.

சாப்ளினின் உணவு விடுதிக்கு வருவோம். வாசலில் கிடந்த காசொன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே செல்கிறான் சார்லி. பையில் ஓட்டை, காசு வாசலிலேயே விழுந்துவிட்டது. அறியாமல் ஒரு தட்டு அவரைக்கொட்டை கேட்டு உண்கிறான். அவளையும் அழைத்து உண்ணச் செய்கிறான். அவ்வேளையில் அடுத்த மேசைக்காரர் ஒருவரைப் பரிமாறுபவர்கள் கூடி நின்று புடைத்தெடுக்கிறார்கள். காரணம் கேட்டால், அவர் கொடுத்ததில் பத்து சென்ட் குறைவு. சார்லி பையைத் துழாவுகிறான். பிறகு அந்தக் காசு வேறொருவர் கைவழியாக உள்ளே வந்து, தரையில் விழுந்து, இவன் காலடியில் அகப்பட்டு, பெருமிதத்தோடு இவனால் நீட்டப்பட்டு, கடைசியில் செல்லாக்காசு என்று தெரியவருகிறது. உலக இலக்கியத்தில் ஒரு காசு இவ்வளவு அலைக்கழித்த கதை வேறு உண்டோ, அறியோம்.

அப்போது ஓவியர் ஒருவர் வந்து அமர்கிறார். பெண்ணின் முகம் அவரைக் கவர்கிறது. இருவருக்கும் வேலை தருவதாகச் சொல்கிறார். பில்லைத் தாமே கொடுப்பதாகவும் முன்வருகிறார். இங்கேதான் நெஞ்சைப் பிசையும் நகைச்சுவை. அடி விழப்போகிறது என்று தெரிந்தும் சார்லி மறுக்கிறான்! நாகரிகமாக, ‘வேண்டாம், நானே கொடுக்கிறேன்’ என்பதுபோல் கையசைக்கிறான். அவர் மீண்டும் வற்புறுத்துகிறார், மீண்டும் மறுக்கிறான். இன்னும் ஒருமுறை கேட்பார், ஏற்றுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அவரோ அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவன் முகத்தில் அப்போது தோன்றும் மாற்றத்தைச் சொல்லால் எழுத இயலாது.

இது செருக்கா? வள்ளுவப் பெருந்தகை ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் வைத்து, அதை அடுத்தே ‘இரவச்சம்’ என்று மற்றோர் அதிகாரமும் வைத்தார். இரந்து பெறுவதில் இழிவில்லாத இடமும் உண்டு, உயிர் போனாலும் இரக்கக் கூசும் இடமும் உண்டு என்று அவ்விரண்டையும் அருகருகே நிறுத்தியவர் அவர். ஆன்மிக நூல்களில் தேர்ச்சி பெற்ற நாமோ, ஏழையின் மறுப்பைச் செருக்கு என்னும் தலையாய பாவத்தின்கீழ் உடனே எழுதிவிடுகிறோம். எல்லாவற்றையும் இழந்தவரிடம், மறுக்கும் உரிமை ஒன்றே எஞ்சியிருக்கலாம். ஓவியர் ஒரு பெண்ணின் எதிரில், அவன் விருந்தாளியின் எதிரில், அவன் பில்லைக் கேட்டார். கப்பலில் அவன் கொடுத்தபோது, அவள் பார்க்காத வேளை பார்த்துக் கொடுத்தான். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு பணத்தில் இல்லை.

நம் மூட்டைக்கும் இதையே சொல்லவேண்டும். இரவில்தானே அனுப்பினோம் என்று நாம் சமாதானம் தேடியதுண்டு. ஆனால் பகலில் அவர் பெயரை ஒலிபெருக்கியில் இருமுறை வாசித்த பிறகன்றோ இரவில் அனுப்பினோம்? அந்த அரிசி யாரோ முகமறியாதவர்கள் அவருக்கென்றே அனுப்பியது. நம் கைக்கு வருமுன்பே அது அவருடையது. கிரகோரியாரின் சொற்படி அவருக்குரியது. அவருக்குரியதை எடுத்து, நடுவில் ஒரு கயிறு கட்டி, நம்முடைய தருமமாக மாற்றியது நாம். அவர் திருப்பி அனுப்பியது அரிசியை அன்று.

பிப்ரவரியில் படகுகளைச் செப்பனிடும் பணி தொடங்கியது. முதல் ஆளாக வந்து நின்றவர் அவரே. மாலையில் கூலியைக் கொடுத்தபோது நம் எதிரிலேயே எண்ணிப் பார்த்தார். பத்து ரூபாய் குறைகிறது, சாமி, என்றார். குறைந்துதான் இருந்தது. கொடுத்தோம்.

படத்தின் முடிவும் இதை ஒட்டியதே. மழை கொட்டுகிறது. திருமண உரிமம் வழங்கும் அலுவலகத்தின் வாசலில் நின்றுகொண்டு, சார்லி அந்த ஓவியரிடம் முன்பணம் கேட்கிறான். சற்று முன் பில்லைக் கொடுக்க விடாதவன் இப்போது கூச்சமின்றிக் கை நீட்டுகிறான். ஏனெனில் இது கூலி. நாளை உழைக்கப்போவதற்கு இன்று பெறுவது. பெற்றுக்கொண்டு, நாணத்தோடு மறுக்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு உள்ளே செல்கிறான். (பெருந்தன்மையாளரான அந்த ஓவியராக நடித்தவர் ஹென்றி பெர்க்மன். கப்பல் காட்சியில் பெண் வேடமிட்டு, தள்ளாடும் பருத்த குடியேறியாக வருபவரும் அவரே. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் கொடுப்பவரும் அதே கப்பலில் வந்தவர்தாம் என்று எண்ணிப் பார்ப்பதில் நமக்கொரு மகிழ்ச்சி.)

பேராசிரியரின் வினாவில் ஒரு பகுதி மட்டும் மீதம் இருக்கிறது. சார்லி தன் பில்லை எப்படிக் கொடுத்தான்? ஓவியர் தம் கணக்கை முடித்து, பரிமாறியவருக்கென்று சில்லறையை ‘டிப்ஸ்’ ஆக விட்டுச் சென்றார். சார்லி யாரும் அறியாமல் அந்தச் சில்லறையைத் தன் பில்லுக்காகக் கொடுத்துவிட்டான். பரிமாறுபவருக்கு அவருடைய பணத்தையே கொடுத்து அவர் கடனைத் தீர்த்துவிட்டான்! ஓவியர் ஒன்றும் தராமல் போய்விட்டார் என்று அவர்மேல்தான் பரிமாறுபவருக்கு மனத்தாங்கல்.

இதைத் திருட்டு என்றே பெரும்பாலோர் எழுதினோம். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பில்’, உயிருக்கே இடர் நேரும் தேவையில் பிறர் பொருளை எடுத்துக்கொள்வது திருட்டின் தன்மையை அடையாது என்று கூறுவதை இரண்டொருவர் எடுத்துக்காட்டினார்கள். ஓர் அடி வாங்குவது உயிருக்கு இடரா என்று பேராசிரியர் கேட்டார். எரிக் கேம்பெல்லின் கையைப் பார்த்தவர்களுக்கு அது இடர்தான் என்று வகுப்பின் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. அவ்வாண்டு அத்தேர்வில் நாம் எடுத்த மதிப்பெண் நினைவில் இல்லை. முன்பணமாகப் பெற்ற டாலர்களில் உரிமத்திற்குப் போக மீதி ஏதேனும் இருந்திருந்தால், மறுநாள் காலையில் சார்லி அந்த விடுதிக்குப் போய், யாரும் பார்க்காத வேளை பார்த்து, அந்தப் பெரிய மனிதரின் பையில் சில்லறையை வைத்திருப்பானா? வைத்திருப்பான் என்று நாம் எழுதியிருந்தோம். அதன் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையால் எழுதியது மட்டும் நினைவில் இருக்கிறது: ‘பை ஓட்டையில்லாமல் இருக்கவேண்டுமே.’